அரைப்பேரும் ஒரு கொலை நாடகமும்

கந்தப்பன் கிளாக்கருக்குப் பிடித்த தொலைக்காட்சி நாடகம் எது என்று யாராவது கேட்டிருந்தால் கேட்டவரை அவர் வாசலோடு அனுப்பியிருப்பார். ஆனால் அவர் அதிக தடவை பார்த்த நாடகம் எது என்று எனக்குத் தெரியும். 'ஒன்பதாம் நம்பர் மலை'. ஏழு வாரம் ஓடிய துப்பறியும் நாடகம். நானறிய அதைப் பதினொரு தடவை பார்த்தார். பதினொரு தடவையும் திட்டுவதற்காகவே பார்த்தார்.

பண்டாரவளைச் சந்தைக்குப் பின்புறம் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். என் அம்மா லீலாதேவி யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியை. பக்கத்து வீட்டுக் கந்தப்பன் ஓய்வு பெற்று வந்த தோட்டத்துக் கிளாக்கர். பள்ளிக்கூடத்தில் எனக்குத் தமிழும் ஆங்கிலமும் சொல்லித் தந்தார்கள். தோட்டத்துத் தமிழ் அந்தச் சுவர் வழியாக வந்தது, பெரும்பாலும் வசவாக.

பெரகலச் சந்திக்குக் கீழே உள்ள ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர் அவர். தோட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் அங்கிருந்து வந்தவர்கள் இன்றைக்கும் எனக்குக் கடிதம் எழுதுவார்கள். இருபது வயதில் தோட்ட ஆபீஸில் சேர்ந்து முப்பத்து மூன்று வருடம் செக்ரோல் எழுதினார். யார் இன்றைக்கு வேலைக்கு வந்தார், எந்த மலையில், அதாவது நம்பர் போட்ட எந்தத் தேயிலைப் பகுதியில் நின்றார், எத்தனை மணிக்குப் போனார் என்பதெல்லாம் அந்த நீளப் புத்தகத்தில் இருக்கும். அந்தத் தோட்டத்தில் பெரியாயி என்ற பெயரில் நான்கு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியின் பேர் இன்னொருத்திக்கு ஒரு நாளும் விழுந்ததில்லை என்பது அவருடைய வாழ்நாள் பெருமை.

"பேர்" என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் ஒருவர் முழுநாள் வேலை செய்தால் செக்ரோலில் அவருக்கு ஒரு பேர். மத்தியானத்தோடு போய்விட்டால் அரைப்பேர். "இன்னிக்கு எனக்குப் பேரு உண்டுங்களா?" என்று கேட்பவர் தன் பெயரை மறந்துவிட்டவர் அல்லர். இவ்வளவுதான் விஷயம். மலைநாட்டில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்தது. தெரியாத ஒரே மனிதர், கெட்ட காலம், நாடகம் எழுதுகிறவராக இருந்தார்.

அவர் பெயர் பார்த்தீபன். எண்பதுகளின் நடுவில் கொழும்பிலிருந்து வந்து, தோட்டத்தில் நடக்கும் ஒரு கொலையைப் பற்றி நாடகம் எழுதப்போவதாகச் சொல்லி, அப்போது வேலையில் இருந்த கிளாக்கரின் தோட்டத்து வீட்டில் மூன்று நாள் தங்கினார். கிளாக்கரின் மனைவி விஜயலெட்சுமி அக்கா மூன்று நாளும் ரொட்டி சுட்டுப் போட்டார். கிளாக்கர் அந்த மனிதருக்குக் கொலையாளி மாட்டிக்கொள்ளும் வழியையே கொடுத்தார். பிணம் ஒன்பதாம் நம்பர் மலையில் கிடக்கிறது. கொலைகாரன் தான் சாயங்காலம் வரை ஆற்றோரத்து மலையில் வேலையில் நின்றதாகச் சாதிக்கிறான். கங்காணியும் அவனுக்காகப் பொய் சொல்கிறார். ஆனால் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் வாய் தவறிச் சொல்லிவிடுகிறாள்: "அவருக்கு அன்னிக்கு அரைப்பேருங்க." இன்ஸ்பெக்டர் செக்ரோலைப் புரட்டுகிறார். மத்தியானத்துக்குப் பிறகு அவன் எங்கே இருந்தான்? முடிந்தது கேஸ்.

எழுத்தாளர் எல்லாவற்றையும் சின்னக் கொப்பியில் குறித்துக்கொண்டு கொழும்புக்குப் பஸ் ஏறினார்.

ஒளிபரப்பானபோது முழுத் தோட்டமும் கிளப்பில் இருந்த ஒரே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடியது. ஆறாம் வாரம் அந்தப் பெண் வந்தாள். கூடையை முதுகில் போட்டுக்கொண்டு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்: "அவருக்கு அன்னிக்கு அரைப்பேருங்க." கிளாக்கர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். திரையில் இன்ஸ்பெக்டர் ராஜவர்மன் கறுப்புக் கண்ணாடியை மெல்லக் கழற்றினார். பனிமூட்டத்தைப் பார்த்தார். பிறகு, நாட்டையே உலுக்கியது என்று பிற்காலத்தில் பலரும் சொன்ன அந்த வசனத்தைச் சொன்னார்: "அரைப் பெயர்! அப்படியானால், மறுபாதி எங்கே?"

ஏழாம் வாரம் ஒரு கிழிந்த கடதாசி அகப்பட்டது. அதில் 'இரத்தின' என்று பாதிப் பெயர். மற்றப் பாதி கொலைகாரனின் சட்டைப் பையில். இரண்டையும் ஒட்டினால் இரத்தினசபாபதி. இசை. முடிவு. அதன் பிறகு எழுத்துகள் மேலே ஏறின. அதில் ஒரு வரி: 'தோட்ட ஆலோசனை: மு. கந்தப்பன்.'

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்த மைதானத்தில், நான்கு பெரியாயிகளில் வாய் நீளமான பெரியாயி முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, இன்னிக்கு எனக்கு அரைப்பேரு போதுங்க. மத்தியானம் ஆசுபத்திரிக்குப் போவணும்."

"சரி, போ."

"எந்த அரைங்க? 'பெரி'யா, 'யாயி'யா?"

பெரட்டே சிரித்தது. கங்காணிமார் சிரித்தார்கள். தோட்டத்தை நடத்தும் துரை காரணம் புரியாமல் சிரித்தார். முப்பத்து மூன்று வருடத்தில் கிளாக்கரைப் பார்த்துத் தோட்டம் சிரித்த ஒரே காலை அது என்று விஜயலெட்சுமி அக்கா சொல்வார். அதன் பிறகு அவருக்கு ஒரே ஓர் ஆசைதான் மிஞ்சியது. அந்த நாடகத்திலிருந்து தன் பெயரை எடுத்துவிட வேண்டும்.

நான் அவரோடு அந்த நாடகத்தைப் பார்க்கத் தொடங்கியது தொண்ணூற்று நான்கில். சந்தைத் தெருவில் வீடியோக் கடை வைத்திருந்த மர்ஸூக் நானா அந்த ஏழு வாரத்தையும் இரண்டு கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தார். அவருக்கு அது வேதம் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடையைச் சாத்திவிட்டு, கேசட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். கிளாக்கர் பழைய செக்ரோல் புத்தகம் ஒன்றையும் சிவப்புப் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்காருவார். தவறுகளை எழுதுவதற்கு.

"இந்தா, தொடங்கிருச்சு," என்பார் முதல் காட்சியிலேயே. "கொழுந்து பறிக்கிறாளா, ஆட்டுக்குக் குழை ஒடிக்கிறாளா? கையில பன்னெண்டு வளையலு! நாலு எலை, அஞ்சு எலை, குச்சியோட ஒடிச்சுக் கூடையில போடுறா. இவளுக்குப் பேரே கெடையாது, அரைப்பேரு எங்க போடுறது!"

"கிளாக்கர், நாடகம் பாக்குற மனிசன் எலையவா எண்ணுவான்? மொகத்தப் பாருங்க. என்ன மாதிரி மொகம் ஈக்கிது பாருங்க," என்பார் மர்ஸூக் நானா.

"மொகத்தப் பாக்கிறதுக்குக் கல்யாண ஆல்பம் இருக்கே. கொலை கேசு பாக்கையில கண்ணு வேற வேலை செய்யணும்."

இரண்டாம் வாரத்தில் பிணம் கிடக்கும் ஒன்பதாம் நம்பர் மலையில் தேயிலை இடுப்பளவு நிற்கும். மூன்றாம் வாரத்தில் இன்ஸ்பெக்டர் அதே மலைக்குத் திரும்பி வரும்போது செடிகள் முழங்காலுக்குக் கீழே, வெறும் குச்சியாக நிற்கும். நடுவில் ஒரு மாதம் படப்பிடிப்பு நின்றுபோய், அதற்குள் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டார்கள். இந்த இடம் வந்தால் கிளாக்கர் எழுந்து நின்றுவிடுவார்.

"பாருங்கய்யா! பொணம் கெடந்த மலைய ஒரே நாள்ல கவ்வாத்து வெட்டிட்டான். எங்க துரை இத பாத்திருந்தா அந்தக் கங்காணிக்கு மாலை போட்டிருப்பாரு. இன்ஸ்பெக்டரு அத பாக்க மாட்டாரு. அவரு பனியப் பாப்பாரு."

எனக்கு அந்த இன்ஸ்பெக்டரைப் பிடிக்கும். நான் துணிந்து சொல்வேன்: "அவர் கதைக்காமல் நிக்கிறது நல்லா இருக்குது, கிளாக்கரையா. எல்லாத்தையும் யோசிக்கிற மாதிரி."

"வசனம் மறந்து போயிருக்கும், பாப்பா."

"அட்டை கூட கடிக்காம நிக்கிறாரே," என்பார் விஜயலெட்சுமி அக்கா, தேத்தண்ணியை வைத்தபடி. "அந்த மலையில அரை மணி நேரம் அப்பிடி நின்னா ரெண்டு காலும் ரத்தமா ஓடும்."

"அட்டைக்கும் ரசனை இருக்கு, விஜயா."

நாடகத்தில் நல்லது என்று எதையாவது அவர் ஒப்புக்கொண்டாரா என்றால், ஒன்று உண்டு. ஐந்தாம் வாரத்தில் செத்தவனின் மனைவி லயத்து வாசலில் உட்கார்ந்து ஆறிப்போன தேத்தண்ணியைக் குடிப்பாள். ஒரு வசனமும் இல்லை. விஜயலெட்சுமி அக்கா ஒவ்வொரு தடவையும் முந்தானையால் கண்ணைத் துடைப்பார். மர்ஸூக் நானா, "இதுக்கு என்ன செல்றீங்க? இதுலயும் பிழை ஈக்கிதா?" என்று கேட்பார். கிளாக்கர் பென்சிலைப் புரட்டிக்கொண்டு, "இதுல எழுத்தாளருக்கு வேலை இல்ல. அதான் நல்லா இருக்கு," என்பார்.

பிறகு ஆறாம் வாரம் வரும். "மறுபாதி எங்கே?" என்று இன்ஸ்பெக்டர் கேட்பார். மர்ஸூக் நானாவின் உதடுகள் கூடவே அசையும். கிளாக்கர் அவரைப் பார்ப்பார்.

"நானா, நீங்க வியாபாரி. ஒங்க கடை ஆளு பாதி நாள் வேலை செஞ்சிட்டுப் போனா, மறுபாதி எங்கேன்னு கேப்பீங்களா, தேடுவீங்களா?"

"கிளாக்கர், அது வேற. எல்லாருக்கும் அரைப்பேர் வெளங்குமா? கொழும்புல ஈக்கிறவனுக்கு வெளங்குமா? அந்த மனிசன் அழகா ஒண்டு ஜோடிச்சீக்கிறான். எனக்கு இப்பயும் மயிர் சிலிர்க்குது."

"ஒங்களுக்குச் சிலிர்க்குது. எனக்கு எரியுது. கீழ எம் பேரு போட்டிருக்கு, நானா! அந்தக் கூத்துக்கு ஆலோசனை சொன்னவன் நானாம்."

எழுத்துகள் மேலே ஏறும்போது அவர் எழுந்து போய்விடுவார். மற்றவர்களின் பெயர்களை முப்பத்து மூன்று வருடம் பிழையில்லாமல் போட்ட மனிதர், தன் பெயர் வருகிற இடத்தில் கொல்லைப் பக்கம் போய் வெறுமனே குழாயைத் திறந்து கை கழுவுவார்.

அந்த வருடம் அவர் பார்த்தீபனுக்குக் கடிதம் எழுதினார். அம்மாவிடம் கொடுத்து இலக்கணம் பார்த்துக்கொண்டார். 'மாண்புமிகு ஐயா, தாங்கள் செய்த தவறுக்குத் தாங்களே பொறுப்பு. அடியேனின் பெயரை நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.' அம்மா 'மாண்புமிகு' வேண்டாம் என்றார். அவர் "மரியாதையோடதான் திட்டணும், டீச்சரம்மா," என்று விட்டுவிட்டார். பதில் வரவில்லை. எழுத்தாளர் கனடாவுக்குப் போய்விட்டார் என்று பின்னால் தெரிந்தது.

தொண்ணூற்றெட்டில் நானும் போனேன். புறப்படும் நாளில் கிளாக்கர் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பாப்பா, அந்த ஆளக் கண்டா சொல்லு," என்றார். கனடா என்றால் ஹப்புத்தளை டவுன் அளவு என்று நினைத்தாரோ என்னவோ. சிரிப்பாக இருந்தது. ஆனால் எங்கள் ஆட்கள் குடியேறிய ஸ்காபரோ உண்மையிலேயே அந்த அளவுதான் என்று போன பிறகு கண்டுகொண்டேன். இரண்டாயிரத்து நான்கில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அங்கே ஒரு மண்டபத்தில் 'ஒன்பதாம் நம்பர் மலை' திரையிடப்பட்டது. 'காலத்தை வென்ற காவியம்' என்று நோட்டீஸ். வாசலில் மீன் கட்லட், ரோல்ஸ். கலியாண வீடுகளில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்தவர்கள் எல்லாம் "மறுபாதி எங்கே?" என்று கேட்டுச் சிரிக்கிற ஊர் அது. முந்நூறு பேர் வந்திருந்தார்கள். அதில் தேயிலைச் செடியைக் கிட்டப் பார்த்தவர் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

பார்த்தீபன் மேடையேறினார். பட்டு வேட்டி. கையைக் கட்டிக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார்.

"மலையக மக்கள் தங்களைத் தாங்களே 'அரைப்பேர்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். நாடு கொடுக்காத குடியுரிமை, வரலாறு கொடுக்காத முகவரி, அத்தனையும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ஒரு முழுப் பெயருக்காக ஏங்கும் சனத்தின் கவிதை அது."

கைதட்டல் ஓயவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த யாரோ ஓர் அம்மா கண்ணைத் துடைத்தார். எழுந்து நின்று, ஐயா, அரைப்பேர் என்றால் அரைநாள் வேலை, அந்தச் சனம் ஏங்கியது பின்னேரம் வீட்டுக்குப் போவதற்கு என்று சொல்லியிருக்கலாம். நான் கோட்டுப் பையில் வைத்த கார்ச் சாவி இருக்கிறதா என்று இரண்டு தடவை தடவிப் பார்த்தேன். கூட்டம் கலையத் தொடங்கிய பிறகு, ரோல்ஸ் மேசைக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தேன்.

"நான் பண்டாரவளை. கந்தப்பன் கிளாக்கருக்குப் பக்கத்து வீடு."

"கந்தப்பனோ! உயிரோட இருக்கிறாரோ? அருமையான மனுசன். அவற்ற மனுசியின்ட ரொட்டி!"

"அவர் தன்ட பேரை எடுத்துவிடச் சொன்னவர். கடிதமும் போட்டவராம்."

"எதில இருந்து?"

"நாடகத்தில இருந்து. அந்த அரைப்பேர் விசயத்தில... அவர் சொன்னது கொஞ்சம் வேற மாதிரி எண்டு..."

அங்கேயே நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகுதான் சொல்ல வேண்டியது இருந்தது. பார்த்தீபன் என் தோளைத் தட்டினார்.

"விளங்குது, தங்கச்சி. பேர் சின்னதாப் போட்டிட்டம் எண்டு கோபம். நியாயமான கோபம். அடுத்த மாசம் சிடியா வெளிவருது, எழுத்தெல்லாம் கொம்பியூட்டரில புதுசா அடிக்கிறம். பெரிசாப் போடுறன். திருவும் சேர்த்து, எல்லாரிலும் பெரிசா. சொல்லுங்கோ அவருக்கு."

நான் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வேறு யாரோ அவரோடு நின்று படம் எடுக்க வந்துவிட்டார்கள். தொலைபேசியில் கிளாக்கரிடம் சொன்னேன்.

"எடுக்கிறானா?"

"இல்லை, கிளாக்கரையா. பெரிசாப் போடுறாராம்."

பின்னால் விஜயலெட்சுமி அக்கா "என்னவாம், என்னவாம்?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"பெருசாவா?" என்றார் கடைசியில். "எவ்வளவு பெருசா?"

இரண்டாயிரத்து ஐந்து ஆகஸ்டில் அந்த சிடியைப் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டு போனேன். கொழும்பிலிருந்து ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பெட்டியைத் திறந்து காட்ட, ஒரு சிப்பாய் அட்டையில் இருந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்து "பொலிஸா?" என்று கேட்டான். நடிகர் என்று சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. பெரகலச் சந்தியில் பஸ் நின்றபோதே சிடியைத் தொலைத்துவிட்டதாகச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அவர் பெயரை நீக்கச் சொல்லி அனுப்பினார், நான் பெரிதாக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். நான் அதைப் போட்டுப் பார்க்கவும் இல்லை. தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். கிளாக்கருக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது. சிவப்புப் பென்சில் அதேதான். மர்ஸூக் நானாவின் கடையில் இப்போது கேசட் கிடையாது, அவரே பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"புதுப் பிரிண்ட், கிளாக்கர்! அந்தப் பனி எல்லாம் கண்ணாடி மாதிரித் தெரியுமாம்."

"வளையலும் தெரியும்."

ஏழு வாரத்தையும் பார்த்தோம். ஒரே இருப்பில் இல்லை, நடுவில் சாப்பாடு, நடுவில் சண்டை. கவ்வாத்து இடத்தில் அவர் இப்போது எழுந்து நிற்கவில்லை, முழங்கால் வலி. உட்கார்ந்தபடியே திட்டினார். "மறுபாதி எங்கே?" வந்தது. நானாவின் உதடு அசைந்தது. இரண்டு கடதாசித் துண்டும் ஒட்டின. இசை.

கிளாக்கர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"இருங்களேன்," என்றார் விஜயலெட்சுமி அக்கா. "பாப்பா அவ்வளவு தூரத்தில இருந்து கொண்டாந்திருக்கு. ஒரு தடவை பாத்துட்டுக் கை கழுவுங்க."

அவர் உட்கார்ந்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடிகர்கள் ஏறினார்கள். இசை, ஒளி, உடை. பிறகு மற்ற எல்லாரையும் விட இரண்டு மடங்கு பெரிய மஞ்சள் எழுத்தில், திரையின் இடது ஓரத்தில் தொடங்கி ஒரு வரி வந்தது.

"நிப்பாட்டுங்க, நானா," என்றார் கிளாக்கர்.

மர்ஸூக் நானா அழுத்தினார். திரை அசையாமல் நின்றது.

'தோட்ட ஆலோசனை: திரு. மு. கந்தப்'

அவ்வளவுதான். எழுத்தைப் பெரிதாக்கியதில் மிச்சம் திரைக்கு வெளியே போய்விட்டது. கொம்பியூட்டரில் அடித்தவர் கவனிக்கவில்லை. பார்த்தீபனும் கவனிக்கவில்லை. அவர் தன் பெயரை மட்டும் பார்த்திருப்பார், அது முழுதாக இருந்தது.

"அல்லாவே," என்றார் நானா மெதுவாக. "கிளாக்கர், இது சும்மா பிரிண்ட் பிழை..."

நான் அவசரமாகச் சொன்னேன்: "நான் அவருக்கு எழுதிறன், கிளாக்கரையா. திருத்தச் சொல்லி இண்டைக்கே எழுதிறன்."

கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். விரலை நீட்டி ஒவ்வோர் எழுத்தாக, செக்ரோலில் பேர் சரிபார்க்கிறவர் மாதிரி. பிறகு தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமுகிறார் என்று விஜயலெட்சுமி அக்கா தண்ணீர் எடுக்க எழுந்தார். இருமல் இல்லை. சிரிப்பு. தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, நாற்காலிக் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"விஜயா, அவன் மூணாம் நாளு எப்ப பஸ் ஏறுனான்?"

"மத்தியானச் சாப்பாடு முடிச்சு. நாந்தான பார்சல் கட்டிக் குடுத்தேன்."

"மத்தியானத்தோட போயிட்டான். அதுக்குப் பொறகு நான் என்னத்த ஆலோசனை சொன்னேன்?" திரையைக் காட்டினார். "அந்தக் கணக்குக்கு அரைப்பேரு. இந்த ஏழு வாரத்திலயும் சரியா வந்த எடம் இது ஒண்ணுதான்யா!"

"அப்ப நாடகத்துல ஒரு நல்லது ஈக்கிது எண்டு ஒத்துக்கொள்றீங்க," என்றார் நானா, விடாமல்.

"தெரியாம செஞ்சிருக்கான். அதான் நல்லா வந்திருக்கு."

சிவப்புப் பென்சிலை எடுத்து, பழைய செக்ரோலின் கடைசிப் பக்கத்தில் தன் பெயரை முழுதாக எழுதி, எதிரே ஓர் அரையைப் போட்டார். பிறகு நானாவிடம் அந்த இடத்தை இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். இன்னொரு தடவை. குழாய்ப் பக்கம் போகவே இல்லை.

"அப்ப எழுத வேண்டாமா, கிளாக்கரையா?" என்று கேட்டேன். 

"ஐயய்யோ, எழுதிராத பாப்பா," என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "திருத்துறேன்னு முழுப்பேரப் போட்டுத் தொலைச்சிருவான்."